வாசலில் நின்ற தாமிரம்: நாகலூர் காப்பி நாற்றங்காலில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு அப்பாவின் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போனவர். "சார், நாற்றுகளுக்குக் குருத்து வெளுக்கிறது. வளர்ச்சியும் நின்றுவிட்டது. ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா?" என்றார். கூடவே நான்கு படங்களும் வந்தன. பார்த்த மாத்திரத்தில், "தழைச்சத்துக் குறைவு, எருக்கரைசல் ஊற்றிப் பார்" என்று சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவனுக்கு இருக்கக்கூடாத அவசரம். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. இங்கே வெளுத்திருந்தது கொழுந்து. இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. மறுநாள் காலை சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய் இறங்கினேன்.

நாற்றங்காலில் கண்டது

மூன்று பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நானூறு பாலிதீன் பைகள். டிசம்பரில் விதைத்து, முளைத்து, விதையைத் தொப்பிபோல் தலையில் சுமந்து நிற்கும் தொப்பிப் பருவத்துக்கு வந்ததும் பிப்ரவரி கடைசியில் பைக்கு மாற்றிய அரபிகா நாற்றுகள். பைக்கலவை வழக்கமானதுதான்: காட்டு மண் ஆறு பங்கு, தொழு உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. நிழல் வலை ஒழுங்காக இருந்தது. தண்ணீர் தேங்கவில்லை.

வெளுப்பு ஒரு குறிப்பிட்ட விதமாக இருந்தது. இளம் இலையின் நரம்புகள் பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறியிருந்தது. பாடப்புத்தகத்தில் இரும்புச்சத்துக் குறைவுக்குப் போடும் படம் இதுதான். ஆனால் சேர்வராயன் மலையில் இரும்புக்குக் குறைவு என்று யார் சொன்னாலும் சிரிப்பு வரும். வெட்டிப் பார்த்தால் மண் செங்கல் நிறம். பாக்சைட் தோண்டிய மலை இது. அமிலத்தன்மை உள்ள இந்த மண்ணில் இரும்பு எளிதாகவே கரையும். இருப்பதை வேர் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றால், கோளாறு வேரில்தான் இருக்க வேண்டும்.

காப்பி நாற்றங்காலில் வேர் கெடுவதற்கு வழக்கமான குற்றவாளிகள் இரண்டு பேர். தண்டின் அடிப்பகுதி கறுத்துச் சுருங்கும் கழுத்தழுகல் ஒன்று. வேரைத் தின்னும் நூற்புழு மற்றொன்று. பத்துப் பைகளைக் கிழித்து வேரைத் தண்ணீரில் அலசினோம். தண்டின் கழுத்து சுத்தமாக இருந்தது. நூற்புழு தாக்கினால் வேரின் பட்டை ஆங்காங்கே அழுகி உரிந்து வரும், அதுவும் இல்லை. வேறொன்று இருந்தது: பக்கவேர்கள் குட்டையாக, தடித்து, நுனியில் பழுப்பேறி நின்றுவிட்டிருந்தன. சல்லி வேர் அநேகமாக இல்லை. யாரோ ஒவ்வொரு நுனியையும் தீக்குச்சியால் சுட்டு வைத்தது போலிருந்தது.

"என்ன மருந்து அடித்தாய்?" என்றேன்.

"ஒன்றும் அடிக்கவில்லை சார்."

மூன்றாவது பாத்தி

பாத்திகளைச் சுற்றி நடந்தபோதுதான் மூன்றாவது பாத்தியில் நாற்றுகள் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்தேன். அதே விதை, அதே மண், அதே வலை. நாற்றங்காலைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அதற்கு அந்தப் புட்டித் தண்ணீர் ஊற்றவில்லை ஐயா. இரண்டு பாத்திக்குத்தான் காணும் என்று தம்பி சொன்னார்."

தம்பி அசடு வழிந்தார். சேலத்தில் ஒரு கடையில் 'நானோ காப்பர்' என்று ஒரு புட்டி வாங்கியிருக்கிறார். "மருந்து என்றால் சொல்லியிருப்பேன் சார். இது சத்து என்றுதானே கொடுத்தார்கள்?" தோட்டக்காரர்களிடம் கேள்வி கேட்பவர்கள் இந்தச் சொல் வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 'என்ன மருந்து' என்று கேட்டால் மருந்தை மட்டும்தான் சொல்வார்கள். 'என்னென்ன ஊற்றினீர்கள்' என்று கேட்டிருக்க வேண்டும்.

புட்டியில் தாமிர ஆக்சைடு நுண்துகள் என்றும், லிட்டருக்கு இத்தனை மில்லி கலந்து இலையில் தெளிக்கவும் என்றும் இருந்தது. துகளின் அளவு என்ன, மேலே என்ன பூச்சு என்று எதுவும் இல்லை. அவர் தெளிக்கவில்லை. நாற்றுக்கு வேர்தானே வாய் என்று கருதி, அதே கலவையைப் பைக்கு ஒரு டம்ளர் வீதம் ஊற்றியிருக்கிறார். வாரம் ஒருமுறையாக மூன்று தடவை. முதல் தடவை ஊற்றியது பைக்கு மாற்றிய நான்காம் நாள்.

இலைக்குச் சில சொட்டுகள் போக வேண்டியது வேருக்கு டம்ளர் டம்ளராகப் போயிருக்கிறது. அளவு மீறினால் தாமிரம் நஞ்சு. வேர் நுனியைக் குட்டையாக்கும். இரும்பை எடுக்கவிடாமல் குருத்தை வெளுக்க வைக்கும். இவ்வளவும் தெரிந்த செய்திகள். 'அளவு மிஞ்சிவிட்டது' என்று எழுதிவிட்டு நான் மலையிறங்கியிருக்கலாம்.

இறங்கவிடாமல் செய்தது அவர் சொன்ன இன்னொரு தகவல். கருப்பூருக்கு அப்பால் ஓமலூர்ப் பக்கம் தக்காளி போட்டிருக்கும் அவருடைய மைத்துனரும் அதே கடையில் அதே புட்டியை வாங்கி, அதேபோல் நாற்றுக்கு ஊற்றியிருக்கிறார். அங்கே ஒரு நாற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அதைப் பார்த்துத்தான் சார் நானும் தைரியமாக ஊற்றினேன்." மலைமேல் சுட்டது அடிவாரத்தில் ஏன் சுடவில்லை?

அரிவாள் சோதனை

காப்பித் தோட்டத்துக்குத் தாமிரம் புதிதில்லை. இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பது இங்கே தலைமுறை வழக்கம்: மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டைக் கரைத்து, நீர்த்த சுண்ணாம்பை ஊற்றிக் கலப்பது. 1885இல் பிரான்சில் திராட்சைத் தோட்டத்துக்காக மில்லார்தே வெளியிட்ட அதே கலவைதான். சுண்ணாம்பு குறைந்தால் இலை கருகும். அது போதுமா என்று பார்க்க அந்த அம்மாவுக்கு ஒரு வழி தெரியும். எல்லாத் தோட்டத்திலும் தெரியும். தீட்டிய அரிவாளைக் கலவைக்குள் சற்று நேரம் விட்டு எடுக்க வேண்டும். இரும்பின் மேல் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. கரைந்த தாமிர அயனிகள் இன்னும் தனியாகத் திரிகின்றன என்று அதற்குப் பொருள்.

அதையே புட்டித் திரவத்துக்கும் செய்யச் சொன்னேன். ஊற்று நீரில் கலந்து அரிவாளை விட்டார், எடுத்தார். பழுப்புத் தண்ணீர் வழிந்ததே தவிரச் செந்நிறம் இல்லை. "இதில் துத்தம் இல்லை ஐயா" என்றார். சரியான விடை. தாமிரம் இருக்கிறது, ஆனால் துகளாகக் கட்டுண்டு இருக்கிறது, அயனியாக இல்லை. பிறகு அதே திரவத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து இரவு முழுக்க வைத்தோம். காலையில் அரிவாளை விட்டதும் செம்பு ஏறிவிட்டது.

அந்த எலுமிச்சைச் சாறு செய்ததைத்தான், அதைவிட மெதுவாக, பைக்குள் இருந்த மண்ணும் வேரும் செய்திருக்கின்றன. அம்மண்ணின் கார அமில நிலையை (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) தாளில் தொட்டுப் பார்த்தால் ஐந்தை ஒட்டி நின்றது. ஓமலூரிலிருந்து வரவழைத்த மண் எட்டைத் தாண்டியது. தாமிர ஆக்சைடு அமிலத்தில் கரையும். கார மண்ணில் மிகச் சொற்பமே கரையும். போதாக்குறைக்கு வேர் சும்மா இருப்பதில்லை. சிட்ரேட், மாலேட் போன்ற கரிம அமிலங்களைக் கசிய விடுகிறது. வேரை ஒட்டிய மண்படலம் சுற்றியுள்ள மண்ணைவிட வேறு உலகம். வெளியே துகளாகக் கிடப்பது அங்கே வந்ததும் கரையத் தொடங்கலாம்.

அப்படியானால் செடி எடுத்துக்கொண்டது துகளையா, துகளிலிருந்து கரைந்த தாமிரத்தையா? நுண்துகள் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி தாண்டிக் குதிக்கும் இடம் இது.

வேரின் வாசல்கள்

நுண்துகள் என்றால் நூறு நானோமீட்டருக்கு உட்பட்டது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் கண்ணுக்கு இது தூசியிலும் தூசி. வேருக்கோ இது பெரிய சாமான்.

முதல் வாசல் வேரின் மேற்பரப்பு. அங்கே பெக்டின் நிறைந்த செல்சுவரும் வழவழப்பான பசையும் எதிர்மின் தன்மையோடு இருக்கின்றன. நேர்மின் பூச்சுள்ள துகள் வந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எதிர்மின் பூச்சுள்ளது அவ்வளவாக ஒட்டாது, ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் மேலே ஏறுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். முள்ளங்கி, நெல், பூசணி, ரைகிராஸ் புல் ஆகிய நான்கிலும் தங்கத் துகள்களை வைத்து 2012இல் வெளிவந்த ஆய்வில் இதைத்தான் கண்டார்கள்: வேரில் அதிகம் சேர்ந்தவை நேர்மின் துகள்கள், தண்டுக்கு நன்றாக ஏறியவை எதிர்மின் துகள்கள்.

இரண்டாவது, செல்சுவரின் துளைகள். இவை பொதுவாக ஐந்து முதல் இருபது நானோமீட்டர். அதற்குள் அடங்கினால் செல்லுக்குள் போகாமலேயே சுவர் வழியாக ஊர்ந்து வேரின் உட்புறம் வரை போகலாம்.

மூன்றாவதுதான் கோட்டைக் கதவு. வேரின் நடுவிலுள்ள நீர்க்குழாய்களைச் சுற்றி அகத்தோல் என்று ஒரு செல் அடுக்கு. அந்தச் செல்களின் இடைவெளிகளை மரத்துக்கு உறுதி தரும் லிக்னினால் ஆன பட்டை ஒன்று காரை பூசியதுபோல் அடைத்திருக்கிறது. காஸ்பரி என்ற ஜெர்மானியர் 1865இல் விவரித்ததால் காஸ்பரி பட்டை என்றே பெயர். சுவர் வழியாகச் சொகுசாக வந்த எதுவும் இங்கே நின்றாக வேண்டும். இனிமேல் போக விரும்பினால் செல்லின் சவ்வைக் கடந்துதான் போக வேண்டும். அயனிகளுக்கு அங்கே கடத்திப் புரதங்கள் உண்டு. துகளுக்கு அப்படி ஒரு தனிப்பாதை இல்லை. செல் சவ்வு குழிந்து விழுங்கிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் எந்தக் கோட்டையிலும் கதவு பொருத்தாத பக்கம் ஒன்று இருக்கும். வேர் நுனியில் இந்தப் பட்டை இன்னும் உருவாகியிருக்காது. பக்கவேர் தாய்வேரைப் பிளந்துகொண்டு வெளியே வரும் இடத்திலும் பட்டை சற்று நேரம் அறுந்து நிற்கும். காயம் பட்ட இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நாற்றங்காலில் நடந்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். பைக்கு மாற்றும்போது ஆணிவேரின் வளைந்த நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் நடுகிறார்கள். அந்தக் காயம் ஆறாத நான்காம் நாளில், புதுப் பக்கவேர்கள் முட்டிக்கொண்டு வரும் வாரத்தில், முதல் டம்ளர் இறங்கியிருக்கிறது. கெட்ட நேரம் என்று சொல்வார்களே, தாவர உடலியல்படியும் அது கெட்ட நேரம்தான்.

உள்ளே நுழைந்துவிட்ட துகள் மேலே ஏறுமா என்றால், ஏறும் என்பதற்குச் சான்று உண்டு. மக்காச்சோளத்தின் வேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் தாமிர ஆக்சைடுத் துகள் கலந்த நீரில் வைத்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. துகள் 20 முதல் 40 நானோமீட்டர். சைலம் என்னும் நீர்க்குழாய் வழியாகத் தண்டுக்கு ஏறியதோடு நிற்காமல், ஃபுளோயம் என்னும் உணவுக்குழாய் வழியாக மறுபாதி வேருக்கு இறங்கியும் வந்திருந்தது. வழியில் தாமிரத்தின் ஒரு பகுதி வேதி நிலையே மாறியிருந்தது. அதற்கு முன், 2008இல், இரும்பு ஆக்சைடுத் துகளைப் பூசணிக்குக் கொடுத்தபோது இலை வரை போனது. லைமா அவரைக்குக் கொடுத்தபோது போகவில்லை. ஒரு செடியில் நடந்ததை இன்னொரு செடிக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு கொடிகள் போதும். பூசணி தண்ணீரை வாரி இறைக்கும் செடி. நிழல் வலைக்குக் கீழ் நான்கு இலையோடு நிற்கும் காப்பி நாற்று அப்படியில்லை. நீரோட்டம் மெதுவானால் அதில் மிதந்து ஏற வேண்டியதும் மெதுவாகத்தான் ஏறும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. இலைக்குள் துகளைக் கண்டாலே அது வேர் வழியாகத் துகளாக வந்தது என்று ஆகிவிடாது. கரைந்த உலோகத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்ச் செடியே துகளாக்கிவிடலாம். தங்க உப்புள்ள ஊடகத்தில் வளர்ந்த குதிரைமசால் தன் உடலுக்குள் தங்க நுண்துகள்களை உருவாக்கியதை 2002இல் காட்டினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி அருகே பூமிக்கடியில் உள்ள தங்கத்தை யூகலிப்டஸ் மரங்கள் வேரால் எட்டிப் பிடித்து இலையில் துகளாகத் தேக்கி வைத்திருப்பதை 2013இல் கண்டார்கள். (இதைச் சொன்னதும் தோட்டத்துக்காரர் நிழல் மரமாக நிற்கும் சில்வர் ஓக்கை நிமிர்ந்து பார்த்தார். அதில் வெள்ளி இல்லை. இலையின் அடிப்புறம் வெள்ளையாக மினுங்குவதால் வந்த பெயர்.)

ஐந்து வரிசைகள்

புட்டி தீர்ந்துவிட்டதால் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. கடைக்கு நானும் போனேன். துகளின் அளவு என்ன என்று கேட்டேன். "ரொம்பச் சிறியது சார். கண்ணுக்கே தெரியாது" என்றார் கடைக்காரர்.

மூன்றாவது பாத்தியின் நல்ல நாற்றுகளில் ஐம்பதை எடுத்து, பத்துப் பத்தாக ஐந்து வரிசை வைத்தோம். முதல் வரிசைக்கு ஊற்று நீர் மட்டும். இரண்டாவதற்குப் புட்டித் திரவம், பழைய அளவிலேயே. மூன்றாவதற்கு அதே அளவு தாமிரம் வரும்படி கணக்கிட்டுக் கரைத்த மயில்துத்தம். நான்காவதன் மண்ணில், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் வகைத் தூளான டோலமைட்டை இரண்டு வாரம் முன்பே கலந்து, பிறகு புட்டித் திரவம். ஐந்தாவதற்குப் புட்டித் திரவம்தான், ஆனால் சேலத்திலிருந்து நான் கேனில் கொண்டுபோன ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தது. "மலையிலிருந்து தண்ணீர் கீழே வருவதைப் பார்த்திருக்கிறேன், கீழேயிருந்து மேலே போவதை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று பஸ் கண்டக்டர் கேனுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

அந்த நீர் எதற்கு என்பது கலந்த அன்றே தெரிந்துவிட்டது. இரண்டு கண்ணாடி டம்ளரில், ஒன்றில் ஊற்று நீரும் ஒன்றில் சேலத்து நீரும் எடுத்துத் திரவத்தை விட்டோம். ஊற்று நீரில் பழுப்பு நிறம் மறுநாளும் சீராக நின்றது. சேலத்து நீரில் விடிவதற்குள் அடியில் வண்டல் கட்டி, மேலே தெளிந்துவிட்டது. வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கும் சுண்ணாம்புக் கரட்டைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் கடினமானது. மக்னீசியமும் கால்சியமும் அதில் அதிகம். இந்த இரட்டை மின்னூட்ட அயனிகள், துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்க உதவும் மின்விசையைத் தணித்துவிடும். விலக்கம் போனால் துகள்கள் கூடிக்கொள்ளும். நானோவாக இருந்தது மைக்ரானாகிவிடும்; ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். மைக்ரான் கட்டிக்குச் செல்சுவரின் முதல் துளையே மூடிய கதவு. மலை ஊற்று நீரில் அந்தக் கடினம் இல்லை. துகள் பிரிந்தே நின்றது.

ஆறாவது வாரம் வேரை அலசினோம். முதலில் வெளுத்தது மயில்துத்த வரிசை. புட்டித் திரவ வரிசை ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தி அதே வழியில் போனது: அதே குட்டை வேர், அதே சுட்ட நுனி. டோலமைட் வரிசை வெறும் நீர் வரிசையோடு போட்டி போட்டது. ஐந்தாவது வரிசையில் மண்ணின் மேற்பரப்பில் பழுப்பு ஆடை படிந்திருந்தது. வேரில் லேசான பாதிப்பு.

பத்து நாற்றில் பார்த்ததை ஆய்வுக் கட்டுரையாக்க முடியாது. ஆனால் ஒரு தோட்டத்தின் வழக்கைத் தீர்க்கப் போதும். துகள் துகளாகவே வேரைக் கெடுத்திருந்தால் நான்காவது வரிசையும் அடி வாங்கியிருக்கும். சுண்ணாம்புச் சத்து துகளைக் கட்டியாக்கியும் இருக்கலாம் என்பதால் இந்த வாதம் முழுமையாகாது. ஆனால் மயில்துத்த வரிசையின் வேரும் புட்டி வரிசையின் வேரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்ததையும், இரண்டாவது ஒரு வாரம் தாமதித்ததையும் சேர்த்துப் பார்த்தால், துகள் ஒரு சேமிப்புக் கிடங்காக இருந்து அமில மண்ணில் தாமிரத்தை மெல்ல மெல்ல அவிழ்த்துவிட்டது என்பதுதான் என் தீர்ப்பு.

பாதித்த பழைய நாற்றுகளின் இலையையும் வேரையும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வேரை இரண்டு பங்காக்கி, ஒன்றைத் தண்ணீரில் மட்டும் கழுவி, மற்றொன்றை எடிடிஏ கரைசலில் அலசி அனுப்பினேன். உலோகத்தைப் பற்றி இழுக்கும் பொருள் அது. மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைக் கழற்றிவிடும். ஒரு கிலோ உலர்ந்த இலையில் 5 முதல் 20 மில்லிகிராம் தாமிரம் இருப்பது செடிகளுக்குப் பொதுவான அளவு. வெளுத்துப் போன எங்கள் இலைகள் அந்த எல்லைக்குள்தான் இருந்தன. வேரில் அதைப்போல் பல மடங்கு. எடிடிஏயில் அலசிய வேரில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, தாமிரத்தின் பெரும்பகுதி வேரின் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே போகவே இல்லை. இலையை மட்டும் சோதனைக்கு அனுப்பியிருந்தால் 'தாமிரம் இயல்பு' என்று சீட்டு வந்திருக்கும், நாங்களும் நூற்புழு மருந்து தேடிப் போயிருப்போம்.

ஆய்வகச் சீட்டைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகத்தை அளப்பதற்கு முன் மாதிரியை அமிலத்தில் வேகவைத்துக் கரைக்கிறார்கள். துகளும் அதோடு கரைந்துவிடும். மொத்தத் தாமிரம் எவ்வளவு என்று அந்த எண் சொல்லும். துகளாக இருந்ததா, அயனியாக இருந்ததா என்று சொல்லாது. அதற்கு அமிலத்தை விட்டுவிட்டு, நொதியால் திசுவைக் கரைத்துத் துகளைத் துகளாகவே எண்ணும் முறை வேண்டும். சாதாரண நுண்ணோக்கியும் உதவாது. கண்ணுறு ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ அதில் பாதியைவிடச் சிறியதை அந்த ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது. எங்கள் கல்லூரியில் கடன் வாங்கிய நுண்ணோக்கியில் நான் பார்த்தது பழுப்பேறிய வேர் நுனியைத்தான், துகளை இல்லை.

இலை வழி

தெளிக்கச் சொன்னதைத் தெளித்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்டது அந்த அம்மா.

இலையின் மேல்தோலில் மெழுகுப் படலம். அதிலுள்ள நீர்ப்பாதைகள் ஏறத்தாழ இரண்டு நானோமீட்டர். துகளுக்கு அது வழியில்லை. மிஞ்சுவது இலைத்துளை. அகல அவரை இலையில் 2008இல் செய்த சோதனையில் 43 நானோமீட்டர் துகள் இலைத்துளை வழியாக நுழைந்தது, ஒரு மைக்ரானைத் தாண்டியது நுழையவில்லை. காப்பிக்கு இலைத்துளை முழுக்க அடிப்புறத்தில்தான். துருநோய்ப் பூஞ்சையும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதனால்தான் மேஸ்திரிகள் போர்டோ கலவையை அடியிலை நனையும்படி அடிக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். நின்ற வாக்கில் பூவாளியால் மேலே தெளித்தால் பெரும்பகுதி மேலிலையில் காய்ந்து, அடுத்த மழையில் மண்ணுக்குத்தான் போகும். போனால் மறுபடியும் வேர்.

"அப்படியானால் என் கீரைப் பாத்திக்கு அடிக்கலாமா ஐயா?" என்றார். நாற்றங்காலின் ஓரத்தில் தண்டங்கீரையும் சிறுகீரையும் போட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். காப்பியில் நாம் சாப்பிடுவது பல ஆண்டு கழித்து வரும் விதை. வேர், தண்டு, இலை, கனி என்று ஒவ்வொரு படியிலும் வடிகட்டி. கீரையில் நாம் சாப்பிடுவது தெளித்த இடத்தையே. லெட்டூஸ் கீரை இலையில் வெள்ளித் துகளைத் தெளித்து 2014இல் பார்த்தார்கள். மேல்தோலிலும் உள்ளேயும் சிக்கிக்கொண்டது. கழுவியும் சரியாகப் போகவில்லை. சாம்பார் வைக்கும் முன் நாம் அலசும் இரண்டு தண்ணீர் அதற்கு எம்மாத்திரம்?

செய்ததும் நடந்ததும்

இரண்டு பாத்தியிலும் வேர் நுனி முழுதும் சுட்டுப்போன நாற்றுகளைக் கழித்தோம். பாதிக்குக் கொஞ்சம் கீழே. மற்றவற்றைப் பழைய மண்ணை உதறிவிட்டு, டோலமைட் கலந்த புதுக் கலவைக்கு மாற்றினோம். தொழு உரத்தை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டினோம்; மக்கிய பொருள் தாமிர அயனியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேர் தேறும் வரை குருத்து பட்டினி கிடக்காமலிருக்க, இரும்பு உப்பான பெரஸ் சல்பேட்டை மிக நீர்த்த கரைசலாக அடியிலையில் தெளித்தோம். மூன்றாவது வாரத்தில் வந்த புது ஜோடி இலைகள் பச்சையாக விரிந்தன. முன்பே வெளுத்தவை வெளுத்தபடியே நின்றன. இளம் இலைக்கு இரும்பைத் திருப்பிக் கொடுத்தாலும் பழைய வெளுப்பு முழுக்க மறையாது என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தோட்டக்காரருக்குத்தான் அதில் மனக்குறை.

உதறிய மண்ணை மிளகுக் கொடியின் தூரில் கொட்டப் போனவர்களைத் தடுத்து, தனியாகக் குவித்துச் சுண்ணாம்பு கலந்து மூடிவைத்திருக்கிறோம். தாமிரம் மக்கிப் போகும் பொருள் அல்ல.

ஓமலூர் மைத்துனருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவருடைய கார மண்ணும் கடின நீரும் சேர்ந்து துகளைக் கட்டியாக்கி மேல் மண்ணிலேயே உட்கார வைத்துவிட்டன, தக்காளி தப்பித்தது. "அப்படியானால் புட்டிக்குக் கொடுத்த காசு?" என்றார். மண்ணில் இருக்கிறது என்றேன்.

ஜூலை மழையில் தேறிய நாற்றுகளைத் தோட்டத்தில் நட்டார்கள். நான் போன அன்று ஒரு பை தானாகக் கிழிந்து மண் உதிர்ந்தது. பழைய ஆணிவேரின் நுனி கரிக்கட்டையாக அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே, தாய்வேரைப் பிளந்துகொண்டு, நூல் போல வெள்ளையாக ஆறேழு புது வேர்கள் வந்திருந்தன. அந்த அம்மா குழியை இன்னும் சற்று ஆழமாகத் தோண்டி, நாற்றை இறக்கினார்.